பழைய ரைஃபிளில் பாதுகாப்புப் பழுது நீக்கப்பட்டதா? சந்தேகங்களும் விளக்கங்களும்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்துள்ள ஜவ்வாதுமலையில் துப்பாக்கி பற்றிய செய்தி என்றால் பெரும்பாலும் அது உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி பறிமுதலாகத்தான் இருக்கும். உரிமத்துடன் வைத்திருக்கும் கம்பெனி ரைஃபிள் பற்றியும், அதைப் பழையதாக வாங்குவது பற்றியும் பேச்சு எழுவது குறைவு. ஆனால் விசையைத் தொடாமலேயே வெடிக்கும் ஆபத்து இரண்டுக்கும் பொது. கம்பெனி தயாரிப்பில் அந்தக் குறை கண்டறியப்பட்டால் அதைச் சரிசெய்ய ஒரு நடைமுறை இருக்கிறது. சரிசெய்யப்பட்டதா என்று பிறகு வாங்குபவர் சோதிக்கவும் வழி உண்டு. நாட்டுத் துப்பாக்கிக்கு இவை இரண்டுமே இல்லை. இது தொடர்பாக எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் வருமாறு.

துப்பாக்கிக்கு ‘ரீகால்’ என்றால் என்ன?

விற்பனைக்குப் பிறகு ஒரு பொருளில் உயிருக்கு ஆபத்தான குறை தெரியவந்தால், தயாரித்த நிறுவனமே அதைத் திரும்ப வரவழைத்துக் கட்டணமின்றிச் சரிசெய்து கொடுப்பது ‘ரீகால்’ எனப்படும். கார், மோட்டார் சைக்கிள்களில் பரவலாகத் தெரிந்த இந்த நடைமுறை துப்பாக்கிகளுக்கும் உண்டு. மாடல் பெயர், தயாரிப்புக் காலம், சீரியல் எண் வரிசை, குறையின் தன்மை ஆகியவை இத்தகைய அறிவிப்பில் இடம்பெறும்.

எந்த வகைக் குறைகளுக்காக ரைஃபிள்கள் திரும்பப் பெறப்பட்டுள்ளன?

விசைப் பகுதிக் கோளாறே முதன்மையான காரணம். அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் 2014-ல் அறிவித்த ரீகால் இந்த வகையைச் சேர்ந்தது. விசையை இழுத்த பிறகு தாமதமாக வெடிப்பதாகத் தெரியவந்ததால் சிக் சாவர் நிறுவனம் தனது ‘கிராஸ்’ ரைஃபிளை 2021-ல் திரும்பப் பெற்றது. குழல் வெடித்துச் சிதறும் அபாயத்துக்காக, பின்லாந்துத் தயாரிப்பான சாக்கோ, டிக்கா ரைஃபிள்களில் துருப்பிடிக்காத எஃகுக் குழல் கொண்டவை 2004-ல் திரும்பப் பெறப்பட்டன.

ரெமிங்டன் ரீகால் எந்தெந்த ரைஃபிள்களுக்குப் பொருந்தும்?

2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை தயாரான, ‘எக்ஸ்-மார்க் ப்ரோ’ விசை பொருத்தப்பட்ட மாடல் 700, மாடல் செவன் ஆகிய இரு வகைகளுக்கு இது பொருந்தும். அறிவிப்பு வெளியானது 2014 ஏப்ரலில். விசைப் பகுதியைக் கோர்க்கும்போது பயன்படுத்திய ஒட்டுப்பொருள் தேவைக்கு அதிகமாக உள்ளே தங்கியதால், சில சூழல்களில் ரைஃபிள் தானாக வெடிக்கக்கூடும் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. விசைப் பகுதியைச் சுத்தம் செய்து, சோதித்துத் திருப்பி அனுப்பும் செலவு முழுவதையும் நிறுவனம் ஏற்றது.

அந்த ரைஃபிள் ஏற்கெனவே சரிசெய்யப்பட்டதா என்பதை எப்படி அறிவது?

முதலில் விரல் படும் விசைப் பரப்பைப் பார்க்க வேண்டும். அதில் வரிவரியாகக் கோடுகள் இருந்தால் அது பழைய வகை விசை. 2014 ரீகாலுக்குள் வராது. பரப்பு வழவழப்பாக இருந்தால், போல்ட்டை, அதாவது குழலின் பின்புறத்தைத் திறந்து மூடும் பாகத்தை, விடுவிக்கும் சிறு நெம்பில் குத்துப்புள்ளி ஒன்று பொறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். புள்ளி இருந்தால் அதிகப்படி ஒட்டுப்பொருள் இல்லாத விசை என்று பொருள். இல்லையெனில் சரிசெய்யப்படாததாகவே கொள்ள வேண்டும்.

விசையில் வரிகள் இருந்தால், அதாவது பழைய வகையாக இருந்தால், ஆபத்தே இல்லையா?

அப்படி முடிவு செய்துவிடக் கூடாது. 2014 ரீகாலில் வராத பழைய ‘வாக்கர்’ வகை விசை மீதுதான் அமெரிக்காவில் பல ஆண்டுகள் வழக்குகள் நடந்தன. விசைக்கும் அது தாங்கிப் பிடிக்கும் பாகத்துக்கும் இடையே ‘கனெக்டர்’ என்ற தனித் தகடு அதில் உண்டு; அந்த இடுக்கில் தூசியோ பிசுக்கோ சேர்ந்தால் தகடு தன் இடத்துக்கு முழுதாகத் திரும்பாமல், சேஃப்டி என்ற பாதுகாப்புப் பூட்டை விடுவிக்கும்போதே ரைஃபிள் வெடிக்கக்கூடும் என்பது வழக்குத் தொடுத்தவர்களின் வாதம். குறை ஏதுமில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்தது.

அந்த வழக்குகள் எப்படி முடிந்தன?

மிசௌரி மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2017 மார்ச்சில் ஒரு சமரசத் தீர்வுக்கு ஒப்புதல் அளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-ல் அதை உறுதிசெய்தது. சுமார் 75 லட்சம் ரைஃபிள்கள் அதன் வரம்புக்குள் வந்தன. மாடல் 700 உள்ளிட்ட பல மாடல்களுக்குப் புதிய விசை இலவசமாகப் பொருத்தித் தரப்பட்டது. 600, 660, 721, 722 போன்ற மிகப் பழைய மாடல்களுக்குப் பழுதுநீக்கம் கிடையாது. பொருள் வாங்கும் சிறு தொகைக்கான வவுச்சர் மட்டுமே.

எத்தனை பேர் அதைப் பயன்படுத்திக்கொண்டனர்?

மிகச் சிலரே. நீதிமன்ற ஒப்புதலின்போது வந்திருந்த விண்ணப்பங்கள் மொத்த ரைஃபிள்களில் 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஆகவே சந்தைக்கு வரும் பழைய ரெமிங்டன் ரைஃபிளில் விசை மாற்றப்பட்டிருக்காது என்று எடுத்துக்கொண்டு சோதனையைத் தொடங்குவதே சரியான வழி.

இப்போதும் அந்தச் சலுகையைப் பெற முடியுமா?

முடியாது. விண்ணப்பிக்கும் காலம் 2020 ஏப்ரலுடன் முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில் நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. துப்பாக்கிப் பிரிவு, தோட்டாப் பிரிவு என வெவ்வேறு நிறுவனங்களுக்குப் பிரித்து விற்கப்பட்டது. திவால் நடைமுறையில் வாங்கியவர்களுக்குப் பழைய நிறுவனத்தின் பொறுப்புகள் தானாகச் சேர்வதில்லை என்பதால், பெயர் அப்படியே இருப்பதைக் கொண்டு இலவசப் பழுதுநீக்கத்தை எதிர்பார்க்க இயலாது.

சேஃப்டி பூட்டப்பட்டிருந்தால் போல்ட் திறக்காத ரைஃபிள்களும் உண்டாமே? அதுவும் குறையா?

1982-க்கு முன் தயாரான மாடல் 700 ரைஃபிள்களில் சேஃப்டி போல்ட்டையும் சேர்த்தே பூட்டிவிடும். தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமானால் சேஃப்டியை விடுவித்தே ஆக வேண்டும். விசைப் பகுதியில் கோளாறு இருந்தால் வெடிப்பது அந்த நொடியில்தான். இந்தப் பூட்டை நீக்கித் தரும் திட்டம் ஒன்றை ரெமிங்டன் 2002-ல் அறிவித்தது. அது விருப்பத்தின்பேரிலான மாற்றமே தவிர, கட்டாய ரீகால் அல்ல.

‘எல்லாம் பார்த்தாகிவிட்டது, சரிசெய்தாகிவிட்டது’ என்று விற்பவர் சொன்னால் போதாதா?

போதாது. சீரியல் எண் குறிப்பிட்ட நிறுவனக் கடிதம் அல்லது பழுதுநீக்கச் சீட்டு, ரைஃபிளில் உள்ள அடையாளக் குறி, எண்ணை வைத்து நிறுவனம் தரும் உறுதி ஆகியவற்றில் ஒன்றாவது கைக்கு வர வேண்டும். முந்தைய உரிமையாளர்கள் இருவர் மூவராக இருந்தால், தற்போது விற்பவருக்கே உண்மை தெரியாமல் இருக்கலாம். சான்று எதுவும் கிடைக்காத ரைஃபிள், பழுது நீக்கப்படாத ரைஃபிள்தான்.

சீரியல் எண் எங்கே இருக்கும்?

பெரும்பாலான ரைஃபிள்களில் போல்ட் நகரும் உடல்பகுதியிலோ குழலின் பின்முனையிலோ எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதே எண் உரிமப் புத்தகத்திலும் எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். எண்ணுக்கு முன்னோ பின்னோ வரும் எழுத்துகளை விட்டுவிட்டால் ரீகால் பட்டியலில் தவறான முடிவே கிடைக்கும். போல்ட்டில் தனி எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்வது அவசியம், ஏனெனில் பழைய ரைஃபிள்களில் போல்ட் மாறியிருப்பது உண்டு.

உரிமத்தில் உள்ள தனித்துவ அடையாள எண்ணை வைத்து ரீகாலைச் சோதிக்கலாமா?

முடியாது. யு.ஐ.என். என்று குறிப்பிடப்படும் அந்த எண், தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் உரிமதாரருக்கு வழங்கப்படுவது. துப்பாக்கிக்கு உரியது தயாரிப்பாளர் பொறித்த சீரியல் எண் மட்டுமே. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் குழப்பம் வருகிறது.

எண் தேய்ந்தோ, அழிக்கப்பட்டோ இருந்தால்?

அந்தத் துப்பாக்கியை வாங்கவே கூடாது. ஆயுதச் சட்டம் 1959-ன் 8-வது பிரிவு, தயாரிப்பாளர் பெயர், எண் அல்லது அங்கீகரிக்கப்பட்ட அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்பதையும் கைமாற்றுவதையும் தடைசெய்கிறது. எண்ணை அழிப்பதும் திருத்துவதும் அதே பிரிவின்படி குற்றம். எண் இல்லாவிட்டால் ரீகால் சோதனைக்கும் வழி அடைபட்டுவிடும்.

தோட்டா இல்லாமல் விசையைப் பலமுறை இழுத்துப் பார்த்தால் குறை தெரிந்துவிடாதா?

தெரியாது. இவ்வகைக் கோளாறுகள் எப்போதாவது ஒருமுறைதான் தலைகாட்டும். தூசி, குளிர், எண்ணெய்ப் பிசுக்கு, உள்ளே இருக்கும் பாகம் நின்ற நிலை எனப் பல காரணங்கள் ஒன்றுகூட வேண்டும். நூறு முறை ஒழுங்காக இயங்கியது என்பது நூற்றோராவது முறைக்கு உத்தரவாதம் ஆகாது. தோட்டா போட்டு வெடித்துப் பார்ப்பது உயிரோடு விளையாடும் செயல். எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யக் கூடாது.

அடையாளக் குறி இருக்கிறது. அதன் பிறகும் சந்தேகம் தேவையா?

தேவை. குறி பொறிக்கப்பட்டபோது இருந்த விசையேதான் இப்போதும் இருக்கிறது என்பதற்கு அது சான்றல்ல. விசை லேசாக இயங்க வேண்டும் என்பதற்காக வேறு கம்பெனி விசையை மாற்றுவதும், திருகாணிகளைத் தளர்த்துவதும் நடைமுறையில் உண்டு. பழைய பாகங்கள் திரும்ப வரவும் கூடும்: 1973-க்கு முந்தைய ருகர் ரிவால்வர்களின் உட்பாகங்களை அந்த நிறுவனம் பாதுகாப்புக்காக இலவசமாக மாற்றித் தரும்போது கழற்றிய பழைய பாகங்களையும் உரிமையாளரிடமே திருப்பித் தந்தது. அவற்றை யாரேனும் மீண்டும் பொருத்திவிட முடியும்.

விசைப் பகுதியைக் கழற்றிப் பார்க்க யாருக்கு அனுமதி உண்டு?

ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி, துப்பாக்கி தயாரிப்பு, விற்பனை, பழுதுநீக்கம், சோதனை ஆகிய அனைத்துக்கும் தனி உரிமம் வேண்டும். அந்த உரிமம் உள்ள துப்பாக்கி விற்பனையகங்களும் பழுதுநீக்குநர்களும் மட்டுமே இதைச் செய்யலாம். 2019 திருத்தத்துக்குப் பின், உரிமமின்றிப் பழுதுநீக்குவோருக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் சிறைத் தண்டனை. ஊர்க் கொல்லுப்பட்டறையில் கொடுத்து விசையைச் சரிசெய்வது கொடுப்பவர், செய்பவர் இருவரையும் சிக்கலில் தள்ளும்.

வெளிநாட்டு நிறுவனத்துக்கே பார்சலில் அனுப்பிச் சரிசெய்து பெறலாமா?

நேரடியாக அனுப்ப இயலாது. ஆயுதங்களை நாட்டுக்குள் கொண்டுவரவும் வெளியே கொண்டுசெல்லவும் ஆயுதச் சட்டத்தின் 10-வது பிரிவு உரிமத்தைக் கட்டாயமாக்குகிறது. வெளிநாட்டு ரீகால் அறிவிப்பில் ‘அஞ்சல் செலவு இலவசம்’ என்று இருப்பது அந்த நாட்டு உரிமையாளர்களை மனத்தில் வைத்து எழுதியது.

அப்படியானால் இந்தியாவில் உள்ள உரிமையாளருக்கு என்ன வழி?

மாடல், சீரியல் எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுதி, எழுத்துப்பூர்வமான பதிலைப் பெறுவது முதல் படி. பதில் வரும்வரை ரைஃபிளைப் பயன்படுத்தாமல், தோட்டாவை அகற்றித் தனியே பூட்டி வைக்க வேண்டும். ரீகாலில் வருவது உறுதியானால், மாற்று விசை கிடைக்குமா என்பதை உரிமம் பெற்ற விற்பனையகம் மூலம் விசாரிக்கலாம். கிடைக்காவிட்டால் அந்த ரைஃபிளைப் பயன்பாட்டிலிருந்து விலக்குவதைத் தவிர வேறு பாதுகாப்பான வழி இல்லை.

இந்தியத் தயாரிப்பான .315 ரைஃபிளுக்கு யாரை அணுகுவது?

பொதுமக்களுக்கான .315 ரைஃபிளைத் தயாரித்தது மேற்கு வங்கத்தில் உள்ள இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை. படைக்கலத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபர் 1-ல் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, இஷாப்பூர் ஆலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா’ நிறுவனத்தின்கீழ் வந்தது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இதே நிறுவனத்தைச் சேர்ந்தது. பழைய வாரியத்தின் முத்திரை உள்ள ரைஃபிளாக இருந்தாலும் விசாரணைக் கடிதத்தை இந்த நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டும்.

குறைபாடுள்ள துப்பாக்கியைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் இந்தியாவில் யாருக்கு உள்ளது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்கீழ் 2020 ஜூலையில் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு, ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெற உத்தரவிடவும் விலையைத் திருப்பித் தரச் சொல்லவும் 20-வது பிரிவு அதிகாரம் தருகிறது. புகாரை மாவட்ட ஆட்சியரிடமும் அளிக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் தனிநபர் ஒருவர் தம்முடைய பழைய துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்பது வணிகம் ஆகாது என்பதால், அவர்மீது நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடுவது கடினம்.

அமெரிக்காவில் அரசே இதைக் கட்டாயமாக்குவதில்லையா?

இல்லை. அங்குள்ள நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பிலிருந்து துப்பாக்கியும் தோட்டாவும் 1970-களிலேயே விலக்கப்பட்டுவிட்டன. பொம்மையையும் மிக்சியையும் திரும்பப் பெறச் சொல்ல முடிகிற அந்த ஆணையத்தால் ரைஃபிளைத் திரும்பப் பெறச் சொல்ல முடியாது. எனவே அமெரிக்கத் துப்பாக்கி ரீகால்கள் நிறுவனங்கள் தாமாக அறிவிப்பவை, அல்லது வழக்குகளின் விளைவு; அறிவிப்பு இல்லை என்பது குறை இல்லை என்பதற்கு ஆதாரமல்ல.

பழைய ரைஃபிளை யார் வாங்கலாம்?

21 வயது நிரம்பி, அந்த வகைத் துப்பாக்கிக்கு உரிமம் பெற்றவர் மட்டுமே வாங்கலாம். 2019 டிசம்பர் 14-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்க முடியும். முன்பு இது மூன்று. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்த்தப்பட்டது. விலை பேசி முன்பணம் கொடுத்துவிட்டு உரிமத்துக்கு விண்ணப்பிப்பது தலைகீழான வரிசை.

தனிநபரிடம் வாங்கும்போது எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்?

விற்பவர் தம் எண்ணத்தை மாவட்ட ஆட்சியருக்கோ அருகில் உள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து 45 நாள்கள் முடிந்த பிறகே துப்பாக்கியை ஒப்படைக்கலாம். ரீகால் விவரத்தை நிறுவனத்திடம் கேட்டுப் பெற இந்தக் காத்திருப்புக் காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். விற்பனைக் கடிதத்தில் மாடல், சீரியல் எண், பழுதுநீக்கம் நடந்ததா இல்லையா என்ற மூன்றையும் எழுதி வாங்குவது பிற்காலத் தகராறைத் தவிர்க்கும்.

தாத்தா, அப்பா வழியில் வந்த ரைஃபிளுக்கு என்ன நடைமுறை?

உரிமதாரர் இறந்த பின் சட்டப்படியான வாரிசு தம் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, இவற்றில் எது முந்தியதோ அப்போது, உயிருடன் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொடுக்க ஆயுத விதிகள் 2016 வழிசெய்கிறது. இரண்டு துப்பாக்கி வரம்பு பரம்பரைத் துப்பாக்கிக்கும் பொருந்தும். பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த ரைஃபிளில் எண்ணெய் இறுகி விசை சிக்கியிருக்கக்கூடும் என்பதால், ரீகால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உரிமம் பெற்ற பழுதுநீக்குநரிடம் காட்டாமல் பயன்படுத்தக் கூடாது.

உரிமம் மாறும்வரை அந்த ரைஃபிள் வீட்டில் இருக்கலாமா?

இருக்கக் கூடாது. உரிமதாரர் இறந்தாலோ உரிமம் காலாவதியானாலோ, தாமதமின்றி அருகில் உள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையகத்திலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-வது பிரிவு. ஒப்படைத்ததற்கான ரசீதில் சீரியல் எண் சரியாக எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பழைய உரிமத்தில் வேலூர் மாவட்டம் என்று இருக்கிறது. இப்போது எங்கே போவது?

வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என மூன்றாகப் பிரிந்தது. ஜவ்வாதுமலையின் ஆலங்காயம் பக்கத்துப் பகுதிகள் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. உரிமதாரர் தற்போது வசிக்கும் ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அந்த ஆட்சியர் அலுவலகத்தை அணுக வேண்டும். ஜமுனாமரத்தூர் வட்டத்தினருக்கு அது திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகம்.

பயிர்ப் பாதுகாப்புக்காக ரைஃபிள் உரிமம் கிடைக்குமா?

பயிர்ப் பாதுகாப்புக்கு ஆயுதச் சட்டம் 13-வது பிரிவில் குறிப்பிடுவது, வாய்வழி மருந்து திணிக்கும் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், உட்புறம் வழவழப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். ரைஃபிள் என்பது குழலின் உட்புறத்தில் சுருள் பள்ளங்கள் வெட்டப்பட்டு, தோட்டா நெடுந்தூரம் பாயும் வகை. இந்தப் பிரிவில் அது வராது. அதே பிரிவில் வரும் 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கி, பொதுவாகத் தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் உரியது.

உரிமம் இருந்தால் வயலில் நுழையும் காட்டுப்பன்றியைச் சுடலாமா?

துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் வேட்டையாடும் உரிமம் ஆகாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி, உரிய அதிகாரியின் அனுமதியின்றிக் காட்டுப்பன்றியைச் சுடுவது குற்றம். தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த நடைமுறையிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் பொறுப்பு வனத்துறையினருக்கே தரப்பட்டுள்ளது.

எஸ்.பி.எம்.எல். எனப்படும் நாட்டுத் துப்பாக்கிக்கும் ரீகால் உண்டா?

கிடையாது. ஒற்றைக்குழலில் வாய்வழியாகக் கருமருந்து திணிக்கும் இந்தத் துப்பாக்கி உரிமமின்றிப் பட்டறையில் செய்யப்பட்டதாக இருந்தால், அதற்குத் தயாரிப்பாளர் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. குறை தெரியவந்தால் சொல்லி அனுப்ப ஆளும் இல்லை. குழலுக்கு எந்த எஃகு, எவ்வளவு மருந்தைத் தாங்கும் என்பதைச் சோதித்தவர் எவருமில்லை. மருந்து கொஞ்சம் கூடினாலும் குழல் பிளந்து கண்ணையும் கையையும் பறிக்கக்கூடிய இந்த ஆபத்து, எந்தக் கம்பெனி ரைஃபிளின் விசைக் குறையையும்விடப் பெரியது.

உரிமமில்லாத துப்பாக்கியை வைத்திருந்தால் என்ன தண்டனை?

ஆயுதச் சட்டத்தின் 25-வது பிரிவின்படி 2 ஆண்டுகளுக்குக் குறையாத, 5 ஆண்டுகள் வரை நீளக்கூடிய சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கப்படும். 2019-க்கு முன் இது 1 ஆண்டு முதல் 3 ஆண்டுகள் வரை. பயன்படுத்தவில்லை, பரணில்தான் கிடந்தது என்பது விலக்கு ஆகாது, வைத்திருப்பதே குற்றம்.

தாமாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு வராதா?

மலைப் பகுதிகளில் காவல் துறை அவ்வப்போது தேதி குறித்து, அதற்குள் ஒப்படைப்போர்மீது வழக்கு இல்லை என்று அறிவிப்பது உண்டு. அந்தச் சலுகை அறிவிப்பில் உள்ள தேதிக்கும் நிபந்தனைக்கும் மட்டுமே உட்பட்டது. சட்டத்தில் நிரந்தரமான பொதுமன்னிப்பு என்று எதுவும் இல்லை. அறிவிப்பு நடைமுறையில் உள்ளதா என்பதை ஊராட்சித் தலைவர் அல்லது வழக்கறிஞர் துணையுடன் காவல் நிலையத்தில் கேட்டறியலாம். மருந்து திணித்த நிலையில் இருக்கும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குச் செல்லாமல், முதலில் தகவல் சொல்லிப் போலீஸாரை வரவழைப்பதே உயிருக்குப் பாதுகாப்பு.

ரீகால் ஆன ரைஃபிள் வெடித்து யாருக்காவது காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால் பொறுப்பு யாருடையது?

கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டுகள் வரை சிறை என்கிறது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு. குறை இருப்பது தெரிந்தும் பயன்படுத்தியிருந்தால் உரிமையாளரின் நிலை மேலும் மோசமாகும். தயாரிப்புக் குறை நிரூபிக்கப்பட்டால் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கோர நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. அதற்கு ரைஃபிளைப் பிரிக்காமல் அப்படியே காவல் துறை வசம் ஒப்படைத்திருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் ரைஃபிளைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

விற்பனையகத்திலோ உரிமம் பெற்ற பழுதுநீக்குநர் முன்னிலையிலோ மட்டுமே இதைச் செய்ய வேண்டும். வீட்டில், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் கூடாது. குழல் முனை எப்போதும் ஆளில்லாத திசையில் இருக்க, போல்ட்டைத் திறந்து அறையும் மேகசினும் காலியாக உள்ளனவா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். சேஃப்டி போட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் முனையை மனிதர் பக்கம் திருப்பக் கூடாது. மேலே சொன்னபடி, விசைப் பகுதியில் கோளாறு இருந்தால் சேஃப்டியை விடுவிக்கும் நொடியிலேயே ரைஃபிள் வெடிக்கக்கூடும்.

தேர்தல் காலத்தில் ஒப்படைத்த ரைஃபிளைத் திரும்பப் பெறும்போது இந்தச் சோதனையைச் செய்யலாமா?

தேர்தல் அறிவிப்புக்குப் பின் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ விற்பனையகத்திலோ ஒப்படைக்க உத்தரவிடப்படுவது வழக்கம். விற்பனையகத்தில் ஒப்படைத்தவர்கள், திரும்பப் பெறும் முன் மாடலையும் சீரியல் எண்ணையும் கொடுத்து விசைப் பகுதியைச் சோதித்துத் தரக் கேட்கலாம். காவல் நிலையங்களில் இந்தச் சோதனை செய்யப்படுவதில்லை. அங்கே சரிபார்க்கப்படுவது எண்ணும் உரிமமும் மட்டுமே.